ஷீலா மேடத்தின் மெஷின் ஏன் நின்றது

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த மெஷினுக்கு எத்தனை வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். போடலாம் அக்கா?" என்பதுதான். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, சுவரிலிருந்து வரும் கரண்ட்டை ஒவ்வொரு பாகத்துக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசத்தான் உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வாட்ஸ் கணக்கை நீங்கள் போனிலேயே போட்டுக்கொள்ளலாம். அதற்கு நான் வேண்டாம். ஒரு எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நானும் உங்கள் மேனேஜரும் மோதிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு அவர் கார்த்திக் சார். எனக்கு அவன் கார்த்தி. இதைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மர்பி டவுன்காரி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த இந்தக் கடைக்கு வந்தேன். அப்போது கடை ஒரு ஷட்டர் அகலம்தான். முதலாளி கல்லாவில் உட்காருவார். பின்னால் இருந்த மேஜையில் நான் மெஷின் கட்டுவேன். வெள்ளை கேபினெட் காலம் போய்க் கறுப்பு வந்து, பிறகு பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் காலமும் வந்தது. நான் அதே மேஜையில்தான் இருந்தேன். நல்ல மெஷின் வேண்டுமென்றால் வசந்தியிடம் கொடு என்று கடையில் ஒரு பேச்சு இருந்தது. கார்த்தி வரும்வரைக்கும் இருந்தது.

அவன் ஜோலார்பேட்டைப் பையன். கை வேகம். அதுகூடப் பரவாயில்லை, என் கையும் வேகம்தான். ஆனால் அவன் கட்டிய மெஷினுக்குள் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படாது. எல்லாம் பின்பக்கமாகப் போய், வேண்டிய இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். வாங்க வந்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். இத்தனை வருடத்தில் நான் கட்டியதை ஒருவர்கூடப் படம் பிடித்ததில்லை. கடைக்குள் நுழைகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கார்த்தி இருக்காரா?" என்று கேட்பார்கள். இருக்கிறார் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

பொறாமை என்றால் உங்களில் பலருக்கு ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும். பக்கத்து மேஜையில் கெட்டிக்காரன் ஒருவன் உட்கார்ந்தால் அது வரும், வராமல் இருக்காது. எனக்கு வந்தது எப்படி இருந்ததென்றால், ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு மெஷினையும் திறந்ததும் முதலில் யார் கட்டியது என்று ஸ்டிக்கரைத்தான் பார்ப்பேன். அவன் பெயர் இருக்காது. அடுத்ததைத் திறப்பேன். அதிலும் இருக்காது. அவனுடையது ஒன்றாவது திரும்பி வராதா என்று நான் காத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஷீலா மேடம் வந்தார். காக்ஸ் டவுனில் பழைய வீடு ஒன்றின் மாடியில் இருந்தபடி, கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வீடியோ எடிட் செய்து கொடுப்பவர். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்த மெஷின் கேட்டார். பாகங்கள் எல்லாம் முடிவாகி, எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பாக்கி. கார்த்தி 650 வாட்ஸில் ஒன்றை எடுத்து வைத்தான். புது டிசைன், நல்ல ரகம், சூடாகாது, சத்தம் போடாது. நான் 700-ஐக் காட்டினேன். பழைய டிசைன், கனம் அதிகம், ஆனால் எதையும் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு திடீரென்று இழுக்கும்போது 650 திணறும் என்று மேடம் முன்னாலேயே சொன்னேன்.

"அக்கா சொல்றதும் கரெக்ட்தான் மேடம்," என்றான் கார்த்தி. "ஆனா உங்க லோடு நானூறைத் தாண்டாது. இது தாராளமாப் போதும்."

மேடம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 650-ஐ வாங்கிக்கொண்டு போனார். அவன் என்னை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. "கரெக்ட்தான், ஆனா" என்றானே, அதுதான்.

மழைக்காலம் தொடங்கும் சமயம். மெஷின் மேடம் வீட்டுக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கார்த்தி, தன் அக்காவின் குழந்தைக்குக் காது குத்து என்று ஊருக்குப் போயிருந்தான். மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஷீலா மேடத்தின் மெஷின் காலையிலிருந்து நின்று நின்று போகிறதாம். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததையெல்லாம் சேர்த்து முழு வீடியோவாக்க விட்டால், பாதியில் அணைந்துவிடுகிறதாம். மறுநாள் காலையில் அந்த வீடியோவை ஒரு கம்பெனி விழாவில் போட வேண்டும். "நீ சொன்ன 700-ஐ எடுத்துட்டுப் போம்மா," என்றார். முதலாளி கன்னடக்காரர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

அந்தப் பெட்டியைக் கடை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு ஒரே சந்தோஷம். கார்த்தி திரும்பி வந்ததும் அவனிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். திட்டக் கூடாது. "விடுப்பா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று தோளைத் தட்ட வேண்டும். எல்லார் முன்னாலும் தட்ட வேண்டும். அல்சூர் தாண்டுவதற்குள் அதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மேடம் கதவைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது. காபி டம்ளர்கள் மேஜை மேல் அப்படியே கிடந்தன. மெஷினைக் காட்டிவிட்டு, "அன்னிக்கே நீங்க சொன்னீங்க வசந்தி. நாந்தான் கேக்கல," என்றார். யாராவது இந்த வார்த்தையை என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

650-ஐக் கழற்றினேன். கார்த்தியின் ஒயர் கட்டை அவிழ்க்கவே மனசு வரவில்லை, அவ்வளவு நேர்த்தி. அவிழ்த்தேன். 700-ஐ மாட்டி மெஷினை உயிர்ப்பித்ததும் மேடம் ரெண்டரைத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று திரை காட்டியது. இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. டியூப் லைட் ஒரு சிமிட்டல் மங்கியது. மேஜைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது, ஒரு பீப் அடித்தது, மறுபடி 'டக்' என்றது. மெஷின் நிற்கவில்லை. பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. மேடம் எதையும் கவனிக்கவில்லை.

நான் கவனித்துவிட்டேன்.

கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மேடம் முன்பு வைத்திருந்த பழைய மெஷினோடு வாங்கிய மலிவு யு.பி.எஸ். காலையில் மெஷின் நின்றபோது மோட்டார் ஓடியதா என்று கேட்டேன். மேடம் யோசித்தார். அன்று குழாயில் காவேரி தண்ணீர் வரும் நாள். காலையிலிருந்தே கீழ் வீட்டுக்காரர் விட்டு விட்டு மோட்டார் போட்டு மேல் டேங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தாராம். முந்தின நாள் தண்ணீர் இல்லை. அன்றைக்கு மெஷின் நின்றதா? இல்லை, பகல் முழுக்க நன்றாகத்தான் ஓடியதாம்.

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். மோட்டார் கிளம்பும்போது வீட்டில் வோல்ட்டேஜ் ஒரு நொடி சரியும். உடனே யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். மலிவான யு.பி.எஸ். அந்த நொடியில் கொடுக்கும் கரண்ட் வழவழப்பாக இருக்காது, படிக்கட்டு மாதிரி கரடுமுரடாக இருக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் அதை விழுங்கிவிடும். புது டிசைனில் சில, நல்ல ரகமாகவே இருந்தாலும், அது ஒத்துக்கொள்ளாமல் சட்டென்று அணைந்துவிடும். 650 திணறவில்லை. கார்த்தியின் கணக்கு சரி. அந்தப் பெட்டிக்கும் இந்த யு.பி.எஸ்.ஸுக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். என் 700 ஓடியதற்கும் நான் சொன்ன காரணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இதை நிரூபிக்க வேண்டுமென்றால் 650-ஐத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டினால் ரெண்டர் போய்விடும். மேடத்துக்கு அன்று வேண்டியது வீடியோ, அறிவியல் பாடம் இல்லை. யு.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் செருகலாம் என்றால் வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஆகவே 700 அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நம் ஆராய்ச்சியைவிட வாடிக்கையாளரின் வேலைதான் முன்னால் போக வேண்டும். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமெல்லாம் அடுத்த விஷயத்தில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

முதலாளி போன் செய்தார். மாற்றியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "ஆய்த்து பிடம்மா," என்றார் கன்னடத்தில், நிம்மதியாக. முடிந்ததல்லவா, விட்டுவிடு என்று அர்த்தம். அதோடு வைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடை மாடியில் புதிதாகத் தொடங்கப்போகும் கஸ்டம் மெஷின் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், கார்த்தியைத்தான் நினைத்திருந்தேன், இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது, நீயே பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.

அந்தப் பொறுப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தெரியவைக்க முடியாது.

"சார், எஸ்.எம்.பி.எஸ். மேல தப்பில்லைன்னு நெனைக்கிறேன்," என்றேன்.

முதலாளி குறுக்கே கேட்டார். "இப்போ ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"அப்புறம் என்னம்மா?"

"ஏன் ஓடுதுன்னு தெரிஞ்சிடுச்சு சார். அதான்."

நேரில் வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். நல்ல மனசால் சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால், அது என்னைத் தெரியாமல் நினைப்பது. 650 மேல் பழி விழுந்தால் கடையில் அந்த மாடலையே நிறுத்திவிடுவார்கள், எல்லாருக்கும் 700-ஐக் கட்டுவார்கள், மேடமும் அந்த யு.பி.எஸ்.ஸையே வைத்துக்கொள்வார் என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. அது வேலை தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வரும் கவலைதான். இன்னொரு பக்கம், என் பொறாமையே அதை ஏற்கவில்லை. நான் அவனை ஜெயிக்க நினைத்தது நிஜம். ஓடும்போது அவன் செருப்பு அறுந்துபோய், அதனால் நான் முந்துவதில் எனக்கு என்ன இருக்கிறது? அவனைவிட நான் கெட்டிக்காரி என்று எனக்கே தெரிய வேண்டும். அன்று நான் சொன்னது பலித்ததே தவிர, எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மேடத்திடமும் சொன்னேன். உங்கள் எஸ்.எம்.பி.எஸ். நல்லதுதான், இந்த யு.பி.எஸ்.தான் அதோடு சேரவில்லை, வேலை முடிந்ததும் யு.பி.எஸ்.ஸை மாற்றிக்கொண்டால் பழையதையே திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க ஆளை விட்டுக்கொடுக்க மாட்டீங்க, இல்ல?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டர் முடிந்து வீடியோ ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துவிட்டு, மழை விட்டதும் 650-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் கார்த்தி ஊரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான், கையில் இனிப்புப் பெட்டியோடு. முதலாளி முன்னால் அந்த 650-ஐ ஒரு மெஷினில் மாட்டினேன். கடையில் கிடந்த பழைய யு.பி.எஸ்.ஸில் செருகி, மெஷின் ஓடும்போது சுவரிலிருந்து பிளக்கை உருவினேன். சட்டென்று செத்தது. பிறகு கொஞ்சம் விலை கூடிய, வழவழப்பான கரண்ட் கொடுக்கும் யு.பி.எஸ்.ஸில் மாட்டி உருவினேன். ஒன்றும் ஆகவில்லை. முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் கார்த்தியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ் கணக்கு சரி என்றாலும், வீட்டில் என்ன யு.பி.எஸ். என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அந்த முகம் கொஞ்சமாவது வாடும் என்று எதிர்பார்த்தேன்.

அவன் சிரித்தான்.

"செம்ம அக்கா," என்றான். "என் தப்பு சார். வாட்ஸ் கணக்கு மட்டும் போட்டேன். வீட்ல என்ன யு.பி.எஸ். இருக்குன்னு நான் கேக்கவே இல்ல. அக்கா போகலன்னா இந்த மாடலையே திட்டிக்கினு இருந்திருப்போம்."

நானும்தான் கேட்கவில்லை என்றேன். அவன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் போனை எடுத்து ஷீலா மேடத்தைக் கூப்பிட்டுவிட்டான். எங்கள் எல்லார் முன்னாலும், தன் தப்பை ஒன்றுவிடாமல் சொன்னான். உங்கள் வீட்டு மோட்டார் எங்கள் கடைக்கே பாடம் எடுத்துவிட்டது மேடம் என்றான். மறுமுனையில் மேடம் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. புது யு.பி.எஸ். எடுத்துக்கொள்கிறேன் என்றார். தங்கைக்கும் ஒரு மெஷின் வேண்டும், அதை நீங்களே கட்டிக்கொடுங்கள் கார்த்தி என்றார்.

அந்த வார முடிவில் முதலாளி மாடிப் பிரிவைக் கார்த்தியிடமே கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். தப்பைக் கண்டுபிடித்தது நீதான், அதை நான் மறக்க மாட்டேன், ஆனால் தப்பைச் சொல்லிவிட்டு வாடிக்கையாளரைச் சிரிக்கவும் வைக்கிறவன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்றார். அவர் சொன்னது அநியாயம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விடவில்லை. இந்த வேலை எனக்குப் பிடிக்கும், அதுதான் காரணம்.

அதுவரை அவன் கை வேகத்தைப் பார்த்து, வாங்க வருகிறவர்கள் அவனைத் தேடுவதைப் பார்த்து எனக்கு எரிந்தது. அன்றிலிருந்து எரிந்தது வேறொன்றுக்காக. நான் ஒரு உண்மையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவன் தன் தப்பை டீ சொல்கிற மாதிரி சொன்னான். எனக்கு அது இன்றுவரை வரவில்லை. ஒயர் கட்டுவதை அவனைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன், இது மட்டும் பழகவில்லை.

அவன் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் காரியம், எந்த மெஷினாக இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் வசந்தி அக்கா சரி சொல்லாமல் வெளியே போகக் கூடாது என்று வைத்தது. மரியாதைக்குச் செய்கிறானா, என் வாயை அடைக்கச் செய்கிறானா என்று கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தேன். அவனுக்கு அந்த மாதிரி யோசிக்கத் தெரியாது என்று புரிந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன். நான் ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு மெஷினுக்கும் அதே கேள்விகளைத்தான் கேட்டேன். வீட்டில் என்ன யு.பி.எஸ்., எர்த் ஒழுங்காக இருக்கிறதா, பக்கத்தில் மோட்டாரோ லிஃப்டோ ஓடுகிறதா. வாட்ஸ் கடைசியில்தான் வரும். நீங்களும் அப்படியே கேளுங்கள். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் சொன்னது பலித்துவிட்டால் உடனே சந்தோஷப்படாதீர்கள். எதனால் பலித்தது என்று ஒரு தடவை பாருங்கள். பார்த்தால் சில சமயம் கையில் வந்தது நழுவிவிடும். எனக்கு நழுவியது. ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பெட்டியைப் பற்றி நான் சொன்னதை யாரும் சும்மா குத்துமதிப்பு என்று ஒதுக்கியதில்லை. மற்றபடி தப்பை எப்படி ஒத்துக்கொள்வது என்பதை உங்கள் மேனேஜரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அது என் பாடத்தில் இல்லை.

ரிட்டயர் ஆன பிறகு, கட்டட டிசைன் வேலை பார்க்கும் என் மகளுக்கு ஒரு மெஷின் கட்டினேன். என் வீட்டு மெஷின், என் கையால் கட்டியது. எஸ்.எம்.பி.எஸ். எதைப் போடுவது என்று இரண்டு மாடலுக்கு நடுவே மனசு ஊசலாடியது. கடைசியில் போனை எடுத்துக் கார்த்தியைக் கேட்டேன். அவன் ஒரு மாடலைச் சொன்னான். அதில் ஏதாவது குறை இருக்கும், கண்டுபிடித்து அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. அதையே வாங்கிப் போட்டேன்.

சில மழைக்காலம் தாண்டிவிட்டது. அந்த மெஷின் ஒரு தடவைகூட நின்றதில்லை. ஒரே ஒரு தடவையாவது நின்றிருக்கக் கூடாதா என்று எனக்குச் சில நாள் தோன்றும்.